ஆறு மாசக் கெடு

"பேச்சு ஆறு மாசத்துக்குள்ள வந்தாத்தான் உண்டு." பக்கவாதம் வந்த வீட்டில் இதைச் சொல்ல யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். எண்ணெய் வைத்தியர் சொல்வார், பக்கத்து வீட்டு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் சொல்வார். என் சித்தப்பாவுக்குச் சொன்னவர் வெள்ளைக் கோட்டுப் போட்டவர். ஏழாவது மாதம் போனபோது ஃபைலைப் புரட்டக்கூட இல்லை. "இனிமே இவ்வளவுதான்" என்றார்.

அதுவரை சித்தப்பாவுக்குக் கிடைத்த பேச்சுப் பயிற்சி வாரம் ஒரு தடவை, அரை மணி நேரம். பண்டிகையும் மழையும் போக மொத்தம் பத்து மணி நேரம் தேறினால் அதிகம். கைகாலை மடக்கி நீட்ட மட்டும் தினமும் பிசியோ வந்தார். மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று தீர்ப்பு எழுதினோம்.

பக்கவாதத்தால் இப்படிப் பேச்சு குலைவதை அஃபேசியா என்பார்கள். அது நாக்கின் கோளாறும் இல்லை, புத்தி மழுங்கியதும் இல்லை. சித்தப்பா டம்ளரைக் காட்டி "சாவி" என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும். தலையை ஆட்டிவிட்டு மறுபடி முயல்வார். மறுபடியும் "சாவி"தான் வரும். நெற்றியில் அடித்துக்கொள்வார். அதே மனிதர்தான் மளிகைக்கடை மீதியில் இருபது ரூபாய் குறைவதை விரல்விட்டுக் காட்டினார்.

இந்த ஆறு மாசக் கெடுவை ஜெர்மனியில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 19 மையங்கள், 156 பேர். எல்லோரும் பக்கவாதம் வந்து ஆறு மாதமாவது கடந்தவர்கள், நம் கணக்கில் கதை முடிந்தவர்கள். ஒரு சாராருக்கு உடனே பயிற்சி: வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம், குறைந்தது மூன்று வாரம். மற்றவர்கள் மூன்று வாரம் காத்திருந்தார்கள். டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறீர்கள், போக முடியவில்லை, போனில் என்ன சொல்வீர்கள் என்கிற மாதிரி அன்றாடப் பேச்சை வைத்தே அளந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் முன்னேறினார்கள். காத்திருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. 2017இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை; கிடைத்தது சுமாரான முன்னேற்றம்தான். பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களிலேயே பயிற்சியைக் கொட்டினால் கூடுதல் பலன் இல்லை என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வு சொல்கிறது. அப்படியானால் கெடுவைக் காட்டி வீட்டாரைப் பதறவைப்பதற்கும் ஆதாரம் இல்லை.

"வாரம் பத்து மணி நேரம் உட்கார ஸ்பீச் தெரபிஸ்ட் எங்கே இருக்கிறார்?" என்பார்கள். நியாயம்தான், ஆள் பற்றாக்குறை நிஜம். அப்படியானால் ஆள் இல்லை என்று சொல்லட்டும். பேச்சு வராது என்று ஏன் சொல்ல வேண்டும்? முதலாவதைச் சொன்னால் குடும்பம் சண்டை போடும், கடன் வாங்கும், வேறு ஊருக்குப் போகும். இரண்டாவதைச் சொன்னால் நோயாளியைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து மாத்திரைகள்; ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று துல்லியமாக எழுதியிருக்கிறது. கடைசி வரியில் "ஸ்பீச் தெரபி" என்று மட்டும்.