விரல்களுக்கும் ஒரு பாடவேளை

கல்வி என்றதும் நம் நினைவுக்கு வருபவை கண்ணும் காதும் நாவுமே. படிக்கக் கண், கேட்கக் காது, ஒப்பிக்க நா. கையைப் பற்றி நாம் எப்போது நினைக்கிறோம்? ‘கோழி கிறுக்கியது போல் எழுதியிருக்கிறாயே’ என்று பிள்ளையை அதட்டும்போது மட்டும்தான். அந்தக் கையை யார் பழக்கினார்கள், எப்போது பழக்கினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. மூன்று வயதில் நர்சரி வகுப்பில் உட்கார வைத்து, நான்கு கோட்டு நோட்டைப் பிரித்துப் போட்டு, பென்சிலைக் கையில் திணித்துவிட்டால் விரல்கள் தாமாகவே கற்றுக்கொள்ளும் என்பது நம்மவர் நம்பிக்கை. அது தவறான நம்பிக்கை என்பது என் கருத்து.

விலங்கியல் மாணவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் பொதுவாக அவற்றில் ஒன்றும் தெரியாது; எல்லாம் குருத்தெலும்பாகவே இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாகிக்கொண்டே வந்து, எட்டாவது எலும்பு தோன்ற ஒன்பது முதல் பன்னிரண்டு வயது ஆகிவிடுகிறது. தசையின் கட்டுப்பாடும் அப்படித்தான் படிப்படியாக வருகிறது. முதலில் தோள், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியில்தான் விரல்நுனி. ஒன்பது பத்து மாதத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து தரையில் கிடக்கும் சோற்றுப் பருக்கையை எடுக்கத் தொடங்கும். அதே இரண்டு விரல்களும் நடுவிரலைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பென்சிலைப் பிடித்துச் சரளமாக ஓட்டுவதற்குப் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு முதல் ஆறு வயது ஆகிறது. இடைப்பட்ட இந்தச் சில ஆண்டுகள்தாம் விரல்களின் பள்ளிப்பருவம். மூளையும் கைக்குத் தாராளமாகவே இடம் ஒதுக்கியிருக்கிறது. மான்ட்ரியல் நகர அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு 1937-இல் வெளியிட்ட மூளை வரைபடத்தில், முதுகும் காலும் ஓரமாக ஒடுங்கிக் கிடக்க, கையும் வாயும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன.

நம் பாட்டிமார் காலத்தில் இந்தப் பள்ளிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டுக்கு வீடு அது நடந்தது. உலை வைக்குமுன் தாய் முறத்தில் அரிசியைப் பரப்புவாள். பக்கத்தில் வந்து உட்காரும் பிள்ளை கல் பொறுக்கும். வெள்ளை அரிசிக்குள் வெள்ளைக் கல்லைக் கண்டுபிடிக்கக் கண்ணும், அதை மட்டும் நுனிவிரலால் எடுக்கக் கையும் ஒத்துழைக்க வேண்டும். இன்று அந்த வேலையே இல்லை. அரிசி ஆலைகளுக்குப் பேர்போன எங்கள் புதுவயலில் கல்லைப் பிரிக்க ஓர் இயந்திரம், கறுத்த அரிசியைக் கண்டு தள்ள இன்னோர் இயந்திரம். மூட்டையைப் பிரித்து அப்படியே களைந்து உலையில் போடலாம். இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. பல்லில் கல் கடிபடாமல் சோறு உண்பது எல்லாருக்கும் நல்லதுதான். ஆனால் முறத்தோடு போன விரற்பயிற்சிக்கு ஈடாக எதை வைத்தோம்? கைப்பேசியை வைத்தோம். கண்ணாடியின் மேல் ஒற்றை விரலைத் தேய்ப்பதற்குப் பிடியும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம்.

இருப்பவற்றையாவது பார்ப்போம். கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மாவைச் சிட்டிகையாக எடுத்து, நடுவிரல் தாங்க, சீராக ஒழுகவிட வேண்டும். பிடி தளர்ந்தால் மாவு கொட்டும். இறுகினால் கோடு அறும். பென்சிலைப் பிடிப்பவையும் அதே மூன்று விரல்கள்தாமே! நம் எழுத்துகளோ வளைவும் சுழியும் நிறைந்தவை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் போல நேர்கோடுகளைச் சாய்த்தும் நிமிர்த்தும் ஒப்பேற்றிவிட முடியாது. புள்ளியைச் சுற்றி வளைந்து வரும் கோலத்தில் பழகிய விரலுக்கு ‘இ’யும் ‘ஞ’வும் மலையாகத் தோன்றா. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதவைத்த வாத்தியார் உடற்கூறு படித்தவரல்லர். பெரிய அசைவிலிருந்து சிறிய அசைவுக்குப் போகவேண்டும் என்ற முறை மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. கோலம் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே என்று ஒதுக்கி வைத்தது யாரோ தெரியவில்லை. பையன்களின் விடைத்தாள்களைத் திருத்தி அலுத்த நம் பேராசிரியப் பெருமக்கள் என் பக்கம் நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதும் பீப்பி மற்றொன்று. ஒரு கை சுருட்ட, மறுகை பிடித்துக்கொள்ள, இரண்டும் இணைந்து வேலை செய்தாலன்றி ஒலி வராது. கோணலாகச் சுருட்டினால் பீப்பியே சொல்லிவிடும். ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. களிமண்ணைப் பிசைந்து சொப்புச் செய்வது உள்ளங்கைத் தசைகளுக்கு உரம். பழைய செய்தித்தாளை நீளநீளமாகக் கிழிப்பதும், கிழித்ததைப் படத்தின் மேல் பசையிட்டு ஒட்டுவதும் கத்தரிக்கோலுக்கு முந்திய படி. பப்பாளி இலையின் காம்பு உள்ளே குழலாக இருக்கும். அதைத் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தால் நூலில் கோக்கலாம். எதையும் வாயில் போடும் வயதில் புளியங்கொட்டை போன்றவற்றைத் தரக்கூடாது. அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை எந்த வயதிலும் கொடுத்துவிடாதீர்கள். அதன் பருப்பு கொடிய நஞ்சு.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு கொட்டானைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயம் ஏற்றி, நீரில் நனைத்துப் பதமாக்கி, மேலொன்று கீழொன்றாகப் பின்னிக்கொண்டு போவார்கள். ஆச்சிமார் கைவேலையாக இருந்த இது, மங்கல நிகழ்ச்சிகளுக்கு மணியும் நூற்பின்னலும் வைத்து அழகு பெற்றது. பிளாஸ்டிக் கூடை வந்ததும் நலிந்தது. 2000-ஆம் ஆண்டில் விசாலாட்சி இராமசாமி அவர்கள் தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை சுற்றுக் கிராமப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து உயிர்ப்பித்தது. இப்போது செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இந்தப் பின்னலுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை மரியா மாண்டிசோரி அம்மையார் கண்டார். அவரிடம் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள், மனவளர்ச்சி குன்றியவள். கையில் வலு இருந்தும், ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தி இழையோட்ட அவளால் இயலவில்லை. அம்மையார் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, குழந்தைப் பள்ளியின் தந்தையான ஃபுரோபெல் வகுத்த காகிதப் பாய் முடைதலில் அவளை ஈடுபடுத்தினார். காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்துத் தேறியபின் மறுபடி ஊசியைக் கொடுத்தபோது அவள் இழையோட்டிவிட்டாள். ஒரு வேலையைச் செய்யவைக்குமுன் அதற்குரிய அசைவை வேறொரு வேலையில் பழக்கிவிட வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான். எழுத்தையும் அப்படியே கற்பித்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர், போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் இருந்தவர் அவர். ரோமாபுரியில் காகிதப் பட்டை செய்ததை நம் ஊரில் பனையோலை செய்யாதா? கொட்டான் வரை போக வேண்டாம். ஆறு ஓலைப் பட்டையை நெடுக்கே வைத்து, ஆறைக் குறுக்கே கோக்கச் செய்தால் போதும். ஓலையின் ஓரம் கையைக் கிழிக்கும். ஆகவே நறுக்குவதும் ஓரம் சீவுவதும் பெரியவர் வேலை.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும். ‘பள்ளியில் ஓலை பின்னச் சொல்கிறீர்களே, பழைய குலக்கல்வியையா திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள்?’ இந்த ஐயம் நியாயமானது. 1953-இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குயவன் மகன் சக்கரத்திற்கும், வண்ணான் மகன் துறைக்கும் திரும்பிப் போக வேண்டும் என்பதே அதன் விளைவாக இருந்திருக்கும். நாடு கொதித்தது, 1954-இல் காமராசர் அதை எடுத்தெறிந்தார். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் நம்மில் எத்தனை பேர் இந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திருப்போம்? முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகிய நாம் கைத்தொழில் என்ற சொல்லைக் கேட்டதும் திடுக்கிடுவதில் வியப்பில்லை.

காந்தியடிகளின் ஆதாரக் கல்வி நோக்கத்தில் வேறானது. 1937-இல் வார்தா மாநாட்டில் அது உருவானது. அதன் செயலராக உழைத்தவர் யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கைவேலை வழியாகக் கற்க வேண்டும் என்றது அது. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளின் வருவாய் பள்ளிச் செலவுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. என் பார்வையில் அங்கேதான் பிழை நுழைந்தது. தக்ளியின் நூலை எடை போடத் தொடங்கியதும் பிள்ளை மாணவன் என்ற நிலையிலிருந்து கூலியாள் என்ற நிலைக்கு ஓரடி நகர்ந்துவிடுகிறான். அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சிவகாசி வட்டாரம் காட்டியது. தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள்தாம் ஏற்றவை என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை விடியுமுன் வண்டியில் ஏற்றினார்கள். 1986-இல் சட்டம் வந்தும் தீரவில்லை. 1996-இல் உச்சநீதிமன்றம் தலையிட்டு, பிள்ளைகளை வேலைக்கு வைத்தவர்கள் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிஞ்சு விரலின் நளினத்தைப் புகழ்கிறவரை நான் சற்று எச்சரிக்கையோடுதான் பார்ப்பேன்.

ஆகவே குழந்தையின் கைவேலைக்குச் சாதியும் இருக்கக்கூடாது, விலையும் இருக்கக்கூடாது. மருத்துவர் மகளும் மண் பிசையட்டும். மண்பாண்டம் செய்பவர் மகன் காகிதம் மடிக்கட்டும். முடித்த பொருளைப் பிய்த்துப் போட்டு மறுநாள் புதிதாகத் தொடங்கட்டும். மதிப்பெண்ணும் வேண்டாம். மதிப்பெண் புகுந்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்: முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தாஜ்மகால் செய்துவரச் சொல்வார்கள், தாய் தெர்மாகோல் அறுப்பாள், தந்தை இரவு பத்து மணிக்குப் பசை வாங்க அலைவார், பிள்ளை தூங்கிப்போகும். கண்காட்சியில் பரிசு வாங்குபவை யாருடைய விரல்கள்?

ஏழைப் பிள்ளைகள் பொருட்டுத்தான் இவ்வளவும் சொல்கிறேன். வசதி உள்ளவர்கள் மரப் பொம்மையும் கோர்வை மணியும் விலைக்கு வாங்கிவிடுவார்கள். மாண்டிசோரி பெயர் தாங்கிய பள்ளியைத் தேடிப் போவார்கள். அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைக்கு அந்த மையமும் தெருப்புழுதியும்தான் உண்டு. மையங்களுக்கென்று ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டம் இருக்கிறது. 2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளும் தொடங்கப்பட்டன. ஆனால் ஒரே பணியாளர் எடை பார்த்து, பதிவேடு எழுதி, கணக்கும் காட்டி, இருபது பிள்ளைகளுக்கு ஓலையும் நறுக்கிக் கொடுக்க முடியாது. பெற்றோரோ ‘ஏபிசிடி எழுதச் சொல்லிக்கொடுத்தீர்களா?’ என்றுதான் கேட்கிறார்கள். எழுத்து வரவில்லை என்ற அச்சத்தில் மையத்தை விட்டுவிட்டு, கடன் வாங்கிப் பணம் கட்டி நர்சரிக்கு அனுப்புகிறார்கள்.

நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் ஏழு நாள் சிற்றூர் முகாம் போகிறோம். கருவேல முள்ளை வெட்டுகிறோம், கோயில் மதிலுக்கு வெள்ளை அடிக்கிறோம், மாலையில் பட்டிமன்றம் நடத்துகிறோம். முள் மறுபடி முளைத்துவிடுகிறது. காலையில் இரண்டு மணி நேரம் பத்துப் பேர் அந்த ஊர் அங்கன்வாடிக்குப் போனால் என்ன? கொட்டான் பின்னத் தெரிந்த ஓர் அம்மாவை உடன் அழைத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு நாள் கூலியை முகாம் செலவிலிருந்து கொடுத்துவிட வேண்டும், இலவசமாகக் கேட்கக்கூடாது. கண்மாயில் களிமண் கிடைக்கும், தெருமுனையில் பூவரசு நிற்கும், பழைய செய்தித்தாளை விடுதியிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். ஓலையை மட்டும் முந்தின நாளே சொல்லி வைத்து நனைத்துவிட வேண்டும். உலர்ந்த ஓலை பிள்ளைகள் மடித்தால் ஒடிந்துவிடும்.