வயலிலும் கொட்டிலிலும் ஆன்டிபயாடிக்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா நெல்லின் இலை நுனி காய்ந்து, ஓரமாக வைக்கோல் நிறம் இறங்கத் தொடங்கினால், விழுப்புரம், திண்டிவனம் பகுதி விவசாயிகள் பலரும் முதலில் போய் நிற்பது பூச்சிமருந்துக் கடையில்தான். கடைக்காரர் சிறு பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடுடன் கலந்து அடிக்கச் சொல்வார். பெயர் ஸ்ட்ரெப்டோசைக்ளின். பரிந்துரைப் பட்டியல்களிலும் இந்தக் கலவை நெடுங்காலம் இருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பொட்டலத்தில் இருப்பது பூச்சிமருந்தும் அல்ல, பூஞ்சாண மருந்தும் அல்ல. ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஒரு பங்கு டெட்ராசைக்ளின். இரண்டும் மனிதருக்கு வைத்தியம் செய்யும் ஆன்டிபயாடிக் மருந்துகள். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயை வெல்ல மனிதனுக்கு முதன்முதலாகக் கிடைத்த ஆன்டிபயாடிக். அதை நெல்லுக்கு அடிப்பதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

இம்மருந்து 1943-ல் அமெரிக்காவில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பாக்டீரியாவின் உடலுக்குள் புரதம் தயாரிக்கும் பட்டறை ஒன்று உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் அதில் ஒட்டிக்கொண்டால் புரதம் தப்பும் தவறுமாக உருவாகி பாக்டீரியா மடிகிறது. டெட்ராசைக்ளினும் அதே பட்டறையைத்தான் தாக்கும். ஆனால் கொல்லுவதைவிடப் பெருக்கத்தை நிறுத்தி வைப்பதே அதன் வேலை. பூஞ்சாணத்தின் பட்டறை வேறு வகை. ஆகவே குலைநோய்க்கும் செம்புள்ளி நோய்க்கும் இந்தப் பொட்டலத்தை அடிப்பது காசைத் தண்ணீரில் கரைப்பதே. உங்கள் வயலில் வந்திருப்பது பாக்டீரியா இலைக்கருகல்தானா என்று அறிய எளிய வழி இருக்கிறது. நோய் கண்ட இலையைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுவாய் மூழ்குமாறு நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் கலங்கல் இறங்கினால் அது பாக்டீரியா.

அப்படியே இருந்தாலும் மருந்து எந்த அளவு பயன்படும்? இந்த பாக்டீரியா குடியிருப்பது இலைக்குள் நீர் ஓடும் குழாய்களில். தெளிப்பு மருந்தின் பெரும்பகுதி இலையின் மேலேயே தங்கி, அடுத்த மழையில் கழுவிக்கொண்டு போகிறது. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. காற்றில் இலைகள் உரசிக் கிழிய, அந்தக் காயங்களின் வழியே பாக்டீரியா நுழைவது இத்தகைய நாட்களில்தான். இதே நாட்களில்தான் மருந்தும் இலையில் நிற்பதில்லை. நின்றது கொல்லும், கழுவிப்போனது வயல் மண்ணிலும் வாய்க்காலிலும் குறைந்த அளவில் கலந்து, அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு எதிர்ப்பைப் பழக்கும்.

ஸ்ட்ரெப்டோமைசினுக்கு ஒரு பலவீனம் உண்டு. பாக்டீரியாவின் பரம்பரைக் கூறில் ஒரே ஒரு சிறு மாற்றம் நேர்ந்தாலும் மருந்து ஒட்டுவதற்கு இடமில்லாமல் போகும். 1940-களில் இதை மட்டுமே தனியாகக் கொடுத்த காசநோயாளிகள் பலருக்குச் சில மாதங்களிலேயே மருந்து கேட்காமல் போயிற்று. 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பேரித் தோட்டங்களிலும் இதே கதை. ஒரு பாக்டீரியா கற்றதை மற்றொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் முடியும். இதையெல்லாம் கருதியே மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்ட வரைவு ஆணையில், இக்கலவையைப் பயிரில் பயன்படுத்துவதை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்த வேண்டும் என்று நாள் குறித்தது. ஆணை கிடக்கட்டும்; நம் வீட்டுப் பிள்ளைக்கு நாளை வேண்டிய மருந்தை நாமே வயலில் கரைப்பானேன்?

பதிலுக்குச் செய்யக்கூடியவை செலவில்லாதவை. நோய் தெரிந்தவுடன் யூரியா மேலுரத்தைத் தள்ளிப்போட வேண்டும். தழைச்சத்து மிஞ்சிய பயிரில்தான் இது பரவும். தேங்கிய நீரை வடிக்க வேண்டும். நோய்கண்ட வயலின் நீரைப் பக்கத்து வயலுக்கு விடக் கூடாது. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளும் வழக்கத்தை விட வேண்டும். 10 லிட்டர் நீருக்கு 2 கிலோ புதுச் சாணம் கரைத்து, தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, இரு வார இடைவெளியில் இருமுறை தெளிக்கலாம். இதுவும் பல்கலைக்கழகப் பரிந்துரையே. ஆண்டுதோறும் நோய் வரும் வயலுக்கு, மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி போன்ற எதிர்ப்புச் சக்தியுள்ள ரகமே சரியான மருந்து.

இனி கொட்டிலுக்கு வருவோம். மடிநோய் வந்த பசுவுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அதை நான் மறுக்கவில்லை. கைக்குக் கிடைத்த ஊசியை ஒருவேளை போட்டுவிட்டு, மறுநாள் வீக்கம் வடிந்தது என்று நிறுத்துவதைத்தான் மறுக்கிறேன். பென்சிலின் இனமும் அதன் உறவான செஃபலோஸ்போரின் இனமும் பாக்டீரியா தன் சுவரைக் கட்டுவதைத் தடுப்பவை. சுவர் கட்டும்போதுதான், அதாவது பெருகும்போதுதான், அது சாகும். ஆகவே மருந்து உடலில் விட்டுவிடாமல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் எஞ்சியவை மறுபடி எழும். மேலும் பென்சிலின் இரத்தத்திலிருந்து மடிக்குள் குறைவாகவே புகும். காம்பு வழியே டியூப் ஏற்றுவது அதனால்தான். எரித்ரோமைசின் இனம் இதற்கு நேர்மாறு. பால் இரத்தத்தைவிடச் சற்றுப் புளிப்பானது. அதற்குள் புகுந்த எரித்ரோமைசின் எளிதில் திரும்பாமல் அங்கேயே தேங்கும். என்ரோஃப்ளாக்சசின் ஊசியைப் பலரும் அறிவீர்கள். பசுவின் உடலில் அதன் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. டாக்டர் நமக்கு எழுதிக் கொடுக்கும் அதே சிப்ரோஃப்ளாக்சசின்தான்.

ஊசி போட்ட பசுவின் பாலில் உறைமோர் ஊற்றினால் சில சமயம் தயிர் தோயாது. பெண்கள் இதைக் கவனித்திருப்பார்கள். உறையில் உள்ள நல்ல பாக்டீரியாவை மருந்து கொன்றுவிடுகிறது. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்ப வேண்டாம், பெரும்பாலும் போகாது. 2018-ல் நாடு முழுவதும் சோதித்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பை மீறியிருந்தது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் சங்கத்தில் ஒரு பசுவின் பால் தனியாக நிற்பதில்லை. ஊர்ப் பால் முழுவதுடனும் கலக்கிறது. எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். லேபிலில் நாள் குறிக்கப்படாத மருந்தானால், பாலுக்கு 7 நாளுக்குக் குறையக் கூடாது என்பது 2012-ல் வந்த மத்திய விதி.

ஏழு நாள் பால் என்பது சிறு விவசாயிக்குச் சின்னத் தொகை அல்ல. பாலை நிறுத்தியவர் நட்டப்படுகிறார். மறைத்து ஊற்றியவர் பணம் பெறுகிறார். இந்த நிலை நீடிக்கும் வரை எந்த அறிவுரையும் முழுப் பயன் தராது. மருத்துவச் சீட்டைக் காட்டிப் பாலை நிறுத்தும் உறுப்பினருக்கு, விலையில் ஒரு பங்கையாவது சங்கம் ஈடாகத் தர வேண்டும். காப்பீட்டில் சேர்த்தாலும் சரி. பேரவைக் கூட்டத்தில் இதை நீங்களே எழுப்பலாம்.

மடிநோயின் தொடக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்று, தேசிய பால்வள வாரியம் பரப்பிவரும் மூலிகைப் பூச்சை முயலலாம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, சிறிது சிறிதாக நீரில் கரைத்து, மடியைக் கழுவி ஒரு நாளில் பலமுறை, ஐந்து நாள் தடவ வேண்டும். பசுவுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, பாலில் இரத்தம் வந்தாலோ பூச்சை நம்பிக் காத்திராமல் 1962 எண்ணுக்குப் பேசி மருத்துவரை வரவழையுங்கள்.