தனிக்குரல்

மனிதன் கூடி வாழும் இயல்பினன். உண்பதும் உடுப்பதும் பேசுவதும் பிறரைப் பார்த்தே அவன் கற்றுக்கொள்கிறான். ஊரோடு ஒத்து வாழ்தல் நன்று எனப் பெரியோர் கூறுவதும் இதனாலேயே. எல்லாரும் சாலையின் இடப்புறம் செல்லும்போது ஒருவன் மட்டும் வலப்புறம் வண்டியைச் செலுத்துவானாயின், அது வீரம் ஆகாது, பேதைமையே ஆகும். ஆயினும், பலர் கூறுகின்றனர் என்னும் ஒன்றையே காரணமாகக் கொண்டு பொய்யை மெய்யென ஒப்புவது தகுமா? மக்கள் ஏன் அவ்வாறு ஒப்புகின்றனர்?

இதனை ஆராய்ந்தவருள் சிறந்தவர் சாலமன் ஆஷ் என்னும் உளவியல் அறிஞர். அவர் 1907ஆம் ஆண்டில் வார்சா நகரில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறியவர். அங்குச் சுவார்த்மோர் கல்லூரியிற் பணியாற்றிய காலத்தில் அவர் செய்த ஆய்வு மிகவும் எளியது.

கல்லூரி மாணவர் எழுவர் முதல் ஒன்பதின்மர் வரை ஓர் அறையில் அமர்ந்தனர். ஓர் அட்டையில் ஒரு கோடும் மற்றோர் அட்டையில் மூன்று கோடுகளும் வரையப்பட்டிருந்தன. அம்மூன்றனுள் முதற்கோட்டிற்குச் சமமானது எது என்பதை ஒவ்வொருவரும் உரக்கக் கூறுதல் வேண்டும். சிறு பிள்ளையும் விடை கூறத்தக்க வினா அது! ஆனால், அவருள் ஒருவர் மட்டுமே உண்மையில் ஆராயப்பட்டவர். ஏனையோர் ஆஷ் முன்னரே சொல்லிவைத்தபடி நடந்தவர்கள். 18 முறை வினவியபோது, 12 முறை அவர்கள் ஒரே குரலில் தவறான விடையைக் கூறினர். அந்த ஒருவர் என் செய்வார்?

இவ்வாறு ஆராயப்பட்ட 123 மாணவர் அந்த 12 வினாக்களுக்கும் கூறிய விடைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 தவறாயின. தனித்து விடையளித்தவர்களோ நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. நால்வரில் மூவர் ஒரு முறையேனும் கூட்டத்திற்கு இணங்கினர். நால்வரில் ஒருவர் இறுதிவரை இணங்கவேயில்லை.

இணங்கியவரைக் கோழையர் என இகழ்தல் எளிது. ஆனால், அவருள் சிலர், 'இத்தனை பேரும் தவறுவரோ? என் கண்ணே பழுதுற்றது போலும்' என ஐயுற்றனர். சிலர் உண்மையை அறிந்தும், பிறர் நகைப்பரே என அஞ்சினர். விடையை வாய்விட்டுக் கூறாமல் தனியே எழுதித் தரச் செய்தபோது தவறுகள் பெரிதும் குறைந்தன. எனவே, மனிதனைப் பணியவைப்பவை ஐயமும் அச்சமுமே என்பது தெளிவு.

இவ்வாய்வின் சிறந்த பகுதி இனித்தான் வருகிறது. கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையான விடையைக் கூறுமாறு ஆஷ் ஏற்பாடு செய்தார். உடனே தவறுகள் கால் பங்காகக் குறைந்தன! அத்துணைவர் இடையில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோது, தவறுகள் மீண்டும் பெருகின. மேலும், எதிர்த்து நின்றவர் மூவராயினும் அதனினும் மிகப் பலராயினும் விளைவு பெரிதும் வேறுபடவில்லை. ஆகவே, கூட்டத்தின் வலிமை அதன் எண்ணிக்கையில் மட்டும் இல்லை; மாற்றுக்குரல் இல்லாமையிலேயே உள்ளது.

வகுப்பில் எளிய மாணவன் ஒருவனைப் பலர் கூடி எள்ளி நகையாடுகின்றனர் எனக் கொள்வோம். உடன் நகைப்போரில் சிலர் உள்ளத்தில் அது தகாது என்பதை உணர்ந்தே இருப்பர். ஆயினும், வேறு எவரும் வாய் திறவாமையால் தாமும் வாளா இருப்பர். அவ்வேளையில் ஒருவன் எழுந்து, "இது முறையன்று" எனக் கூறுவானாயின், அவன் தன் மனச்சான்றை மட்டும் காப்பவன் அல்லன். தன்னைப் போலவே எண்ணி அஞ்சியிருந்த பிறருக்கும் துணிவு ஊட்டுபவன் ஆவான்.

எதற்கும் மறுப்புரைத்தல் அறிவுடைமை ஆகாது. பலர் கருத்தைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். தன் கருத்தில் பிழை உளதோ என ஆராய்தலும் வேண்டும். ஆராய்ந்து தெளிந்தபின், கண்ட உண்மையைப் பணிவோடும் உறுதியோடும் கூறுதல் வேண்டும். பெருங்கூட்டத்தை வெல்லப் பெரும்படை வேண்டுவதில்லை. முதலில் வாய் திறக்கும் ஒருவன் போதும்; அவனைத் தனியே நிற்க விடாத மற்றொருவன் போதும்.