ஒரு ஷில்லிங் சங்கீதம்

லண்டன் மாநகரில் கோடை வந்துவிட்டால் சங்கீதப் பிரியர்களுக்குக் கொண்டாட்டந்தான். ஜூலை நடுவில் தொடங்கிச் சுமார் 8 வாரம் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அநேகமாகத் தினந்தோறும் கச்சேரி நடக்கின்றது. இதற்குப் 'புரொமனேட்' கச்சேரி என்று பெயர். ஜனங்கள் சுருக்கமாய் 'புராம்ஸ்' என்று சொல்லுவார்கள். நின்றும் உலாவியும் கேட்கும் கச்சேரி என்பது பொருள். "வெள்ளைக்காரன் சங்கீதத்தைப்பற்றி நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். சங்கீதம் எப்படியிருந்தபோதிலும், அதைக் கேட்க யாருக்கு யோக்கியதை உண்டு என்கின்ற கேள்வி எல்லாத் தேசத்திற்கும் பொதுவானதாதலால் எழுதுகின்றோம்.

உயர்ந்த சங்கீதம் பாமரனுக்கு ஏறாது, அதற்கு வளர்ப்பும் பழக்கமும் வேண்டும் என்று அங்கும் பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். குவீன்ஸ் மண்டபத்தின் நிர்வாகியான ராபர்ட் நியூமன் இதை ஒப்பவில்லை. பழக்கம் வேண்டுமென்றால் பழக்கிவிட்டால் போகிறது என்றார். முதலில் எளிய உருப்படிகளைப் போடுவது, படிப்படியாய்க் கனமானவற்றைச் சேர்ப்பது என்பது அவரது திட்டம். கையில் பணமில்லை. ஜார்ஜ் காத்கார்ட் என்கின்ற தொண்டை வைத்தியர் பணம் கொடுக்க முன்வந்தார். ஆனால் வாத்தியங்களின் சுருதியைக் குறைக்க வேண்டுமென்று நிபந்தனை போட்டார். உச்ச சுருதியில் கத்திக் கத்திப் பாடகர்களின் தொண்டை கெடுவதைத் தினம் பார்த்தவரல்லவா! 1895 ஆகஸ்ட் 10-இல் முதல் கச்சேரி நடந்தது. நடத்தியவர் ஹென்றி வுட், வயது 26. நிற்கும் இடத்திற்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். பருவம் முழுவதற்கும் 21 ஷில்லிங். தின்னலாம், குடிக்கலாம், சுருட்டும் பிடிக்கலாம்.

விளைவு என்ன? வேடிக்கை பார்க்க வந்த குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் நாளடைவில் பீத்தோவனையும் வாக்னரையும் கேட்கும் ரசிகர்களானார்கள். ஞானம் வந்தது பிறப்பினாலா, காதினாலா என்று கேட்கின்றோம். 1914-இல் ஜெர்மனியோடு யுத்தம் மூண்டபோது ஜெர்மன் சங்கீதமே கூடாதென்று கூச்சல் எழுந்தது. நியூமன் இதற்கும் இணங்கவில்லை. வுட்டோ 1913-லேயே 6 பெண்களைத் தமது வாத்தியக் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஆயினும் புராம்ஸின் கடைசி இரவை ஒரு பெண் நடத்துவதற்கு 2013 வரை, அதாவது மாரின் ஆல்சாப் வரும்வரை, 118 வருஷம் பிடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நிற்க. குவீன்ஸ் மண்டபம் 1941 மே மாதத்தில் ஜெர்மன் குண்டுக்கு இரையாயிற்று. கச்சேரி ஆல்பர்ட் மண்டபத்திற்கு மாறியது. இந்த மண்டபத்தின் யோக்கியதையைக் கேளுங்கள். 1871-இல் திறக்கப்பட்ட இதைக் கட்டுவதற்கு ஆளுக்கு 100 பவுன் கொடுத்தவர்களுக்கு 999 வருஷ பாத்தியதை எழுதிக் கொடுத்தார்கள். இன்றும் 5,000-க்கு மேற்பட்ட ஆசனங்களில் 1,200-க்கு மேல் இப்படித் தனியாருக்குச் சொந்தம். சந்திர சூரியர் உள்ளவரை என்று பட்டயம் எழுதுவது நம் ராஜாக்களோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தோம்! இந்தப் பாத்தியதைக்காரர்களில் சிலர் தங்கள் சீட்டுகளைக் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள் என்கின்ற புகாரும் நெடுநாளாய் இருக்கின்றது.

அப்படியானால் ஏழை நிற்க, பணக்காரன் உட்காருவதுதான் சமத்துவமோ என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வியே. இரண்டு மணி நேரம் கால் கடுக்க நிற்பதைப் பெருமையாய்ப் பேசுவது நமக்குச் சம்மதமில்லை. குறைந்த கட்டணத்தில் நாற்காலியும் போடட்டும். ஆனால் ஒன்று: நிற்கும் இடம் மண்டபத்தின் கோடியில் இல்லை; வாத்தியக் குழுவுக்கு நேர் எதிரில், யாவருக்கும் முன்னால் இருக்கின்றது. 100 பவுன் பட்டயக்காரர் அவர்களுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். இன்ன உடை உடுத்த வேண்டுமென்ற விதியும் இல்லை.

ஸஸ்ஸெக்ஸ் கிராமத்தில் ஜான் கிறிஸ்டி என்கின்ற சீமான் 1934-இல் தொடங்கிய கிளைண்ட்போர்ன் 'ஆப்பரா' என்னும் சங்கீத நாடகத் திருவிழா வேறு விதம். அங்கே மாலை உடுப்பு அணிந்து போவது வழக்கம். நடுவில் ஒன்றரை மணி நேரம் விட்டுவிட்டுப் புல்தரையில் விருந்து. நல்ல இடங்களின் விலை 200 பவுனுக்கும் மேல். பாட்டு உயர்ந்ததுதான், அதில் நமக்கு விவகாரமில்லை. ஆனால் 1961 முதல் அதே கிளைண்ட்போர்ன் குழு புராம்ஸுக்கும் வந்து பாடுகின்றது. காட்சிகள் குறைவு, மற்றப்படி அதே பாடகர், அதே பாட்டு. சட்டையோடு நிற்கிறவன் சில பவுனுக்கு அதைக் கேட்கிறான். அவனுக்குப் புரியவில்லையென்று எந்தப் பாடகரும் வாயை மூடிக்கொள்ளவில்லை.

1944-இல் இறந்த வுட்டின் மார்பளவுச் சிலை ஒன்று உண்டு. வெடித்த மண்டபத்தின் இடிபாடுகளிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு பருவத்திலும் அதை மேடையில் வைத்து, கடைசி இரவில் நிற்கும் ரசிகர்கள் மாலை சூட்டுகிறார்கள். சிலைக்கு மாலையா என்று நம் தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அர்ச்சனையும் இல்லை, தட்சணையும் இல்லை. ஒரு ஷில்லிங்குக்குப் பாட்டுக் கொடுத்தவனுக்குக் கேட்டவர்கள் செய்யும் மரியாதை அது.

1927 முதல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஸ்தாபனமே இதைப் பெரும்பாலும் நடத்தி வருகின்றது. ஒவ்வொரு கச்சேரியும் வானொலியில் வருகின்றது. லண்டனுக்குப் போகும் தோழர்கள் நிற்கும் சீட்டை அந்தந்த நாளிலேயே வாங்கலாம்.