பெட்ரோல், டீசல் விலையில் 8 ரூபாய் இடைவெளி: காரணம் மணலி ஆலையில் இல்லை!

கொடுங்கையூரில் இருந்து சில கிலோமீட்டர் போனால் மணலி. 1969 முதல் அங்கே இயங்கிவரும் சுத்திகரிப்பு ஆலையில், ஒரே கச்சா எண்ணெயில் இருந்துதான் பெட்ரோலும் டீசலும் பிரிகின்றன. ஆனால் பங்க் போர்டில் மட்டும் இரண்டுக்கும் பெரிய விலை வித்தியாசம். "பெட்ரோல் உசத்தி, டீசல் மட்டம், அதான்" என்று பலரும் சொல்வதுண்டு. அது உண்மையா?

கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

2024 மார்ச் 15 விலைக் குறைப்புக்குப் பிறகு சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100.75 ரூபாய், டீசல் 92.34 ரூபாய். இடைவெளி 8.41 ரூபாய். அன்றைய வரிகள் இவை:

* மத்திய கலால் வரி: பெட்ரோலுக்கு 19.90 ரூபாய், டீசலுக்கு 15.80 ரூபாய்.
* தமிழக வாட் வரி: பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதற்கு மேல் 11.52 ரூபாயும், டீசலுக்கு 11 சதவீதமும் அதற்கு மேல் 9.62 ரூபாயும். ரூபாயில் சொன்னால், பெட்ரோலுக்குச் சுமார் 21.80, டீசலுக்குச் சுமார் 17.80.

இரண்டையும் கூட்டினால் ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 41.70 ரூபாய் வரி, டீசலில் 33.60 ரூபாய். அதாவது 8.41 ரூபாய் இடைவெளியில் 8 ரூபாய்க்கு மேல் வரியால் மட்டுமே வந்தது. வரியைக் கழித்துவிட்டால் இரண்டின் விலையும் 59 ரூபாயை ஒட்டித்தான் நிற்கிறது. டீலர் கமிஷன், லாரி வாடகை எல்லாம் அதற்குள் அடக்கம்.

2025 ஏப்ரலில் மத்திய அரசு இரண்டுக்கும் கலால் வரியை 2 ரூபாய் உயர்த்தியது. இரண்டுக்கும் ஒரே அளவு என்பதால் வரி இடைவெளி அப்படியே இருந்தது.

டீசல் இயல்பிலேயே மலிவான சரக்கு என்பதும் சரியில்லை. பிரிட்டனில் இரண்டுக்கும் லிட்டருக்கு ஒரே அளவு எரிபொருள் வரிதான். அங்கே பங்க்குகளில் பெரும்பாலும் டீசல்தான் விலை அதிகம்.

டீசலுக்கு ஏன் இந்தச் சலுகை?

பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் ஓடுவது டீசலில். டீசல் ஏறினால் அரிசி முதல் தக்காளி வரை ஏறும். பெட்ரோல், கார் வைத்திருக்கும் வசதியானவர்களின் எரிபொருள். பல பத்தாண்டுகளாக டெல்லியில் ஓடிய சிந்தனை இதுதான். அதனால்தான் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீக்கப்பட்டபோதும், டீசலுக்கு அது 2014 அக்டோபர் வரை நீடித்தது.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73.18 ரூபாய், டீசல் 40.91 ரூபாய். 32 ரூபாய் வித்தியாசம்! விளைவு, கார் வாங்குபவர்கள் டீசல் கார் பக்கம் சாய்ந்தார்கள். லாரிக்கும் டிராக்டருக்கும் கொடுத்த சலுகையில் சொகுசு கார்களும் டேங்க் நிரப்பிக்கொண்டன.

இந்த இடைவெளியை அரசே மாற்றிக் காட்டிய சம்பவமும் உண்டு. 2020 மே மாதம் டெல்லி அரசு டீசல் வாட் வரியை 16.75 சதவீதத்தில் இருந்து 30 சதவீதமாக உயர்த்தியது. மத்திய அரசும் கலால் வரியை ஏற்றியது. ஜூன் மாதம் அங்கே பெட்ரோலைவிட டீசல் விலை அதிகமானது. ஜூலை இறுதியில் வாட் பழைய அளவுக்குத் திரும்பியதும், ஒரே அடியாக லிட்டருக்கு 8.36 ரூபாய் இறங்கியது.

பெட்ரோல் இன்று யாருடைய எரிபொருள்?

2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோல் வரியை 3 ரூபாய் குறைத்தபோது, அன்றைய தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் சொன்ன காரணம் முக்கியமானது. மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வாகனங்கள் ஓடுகின்றன. உழைக்கும் மக்களின் வாகனமே அதுதான் என்றார். சரியான பார்வை. ஆனால் அந்த 3 ரூபாய்க்குப் பிறகும் இடைவெளி மிச்சம் இருந்தது.

கொடுங்கையூரில் இருந்து அம்பத்தூருக்கோ துறைமுகத்துக்கோ வேலைக்குப் போகிறவரும், ஃபுட் டெலிவரி பண்ணுகிறவரும் நம்பியிருப்பது பைக்கை. ஒருவர் நாளைக்கு 2 லிட்டர் பெட்ரோல் போட்டால், டீசலைவிடக் கூடுதலாகக் கட்டும் வரி 16 ரூபாய். மாதம் 26 நாள் ஓட்டினால் 416 ரூபாய். அதே பங்க்கில் டீசல் எஸ்யூவிக்கு டேங்க் ஃபுல் பண்ணுகிறவருக்கு லிட்டருக்கு 8 ரூபாய் வரி குறைவு. இது என்ன நியாயம்?

அதற்காக டீசல் வரியை ஏற்றச் சொல்ல முடியாது. ஏற்றினால் அந்தச் சுமை பஸ் டிக்கெட்டிலும் காய்கறி விலையிலும் வந்து விழும். இன்னும் குறைப்பதும் தீர்வாகாது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. கன்டெய்னர் லாரிகளும் டேங்கர்களும் குப்பை லாரிகளும் சுற்றிவரும் வடசென்னைக்கு, 'டீசல் ஏழைகளின் எரிபொருள்' என்ற வாதத்தின் மறுபக்கம் நன்றாகவே தெரியும்.

காசிமேடு காட்டும் வழி

காசிமேட்டு விசைப்படகுகளுக்கு மாநில அரசு வாட் வரி விலக்குடன் டீசல் தருகிறது. படகுக்கு இத்தனை லிட்டர் என்று அளவும் உண்டு. அதாவது, சலுகையை எரிபொருளுக்குக் கொடுக்காமல் பயன்படுத்துகிறவருக்குக் கொடுக்க அரசுக்குத் தெரியும். பஸ், சரக்கு லாரி, டிராக்டர் ஆகியவற்றுக்கும் அப்படி ஒரு வழியை யோசிக்கலாம். சொந்த உபயோகத்துக்கான பெரிய டீசல் கார்களிடம் பதிவின்போதே கூடுதல் வரி வாங்கலாம்.

அதோடு பெட்ரோல் வரியும் இறங்க வேண்டும். ஒரே நாளில் முடியாது என்பது உண்மைதான். 2021-ல் 3 ரூபாய் குறைப்புக்கே ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று தமிழக அரசு கணக்குச் சொன்னது. ஆனால் இடைவெளியில் ஏறத்தாழ பாதி மத்திய அரசுடையது, பாதி மாநில அரசுடையது. 'அவங்க குறைக்கட்டும்' என்று இரண்டு பக்கமும் கை காட்டுவதற்குப் பதில், ஆளுக்கு ஒரு ரூபாயாகப் படிப்படியாகக் குறைக்கலாம்.

அதற்கு முன் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. ஆப்பில் பிரியாணி ஆர்டர் பண்ணினால் பில்லில் ஜிஎஸ்டி தனியாக, டெலிவரி கட்டணம் தனியாக வருகிறது. பங்க் ரசீதில் மட்டும் எல்லாம் சேர்ந்து ஒரே தொகை. அதிலும் மத்திய வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு என்று அச்சடிக்கட்டும். எந்த அரசுக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்தால்தான், யாரிடம் கேட்பது என்பது மக்களுக்குத் தெரியும்.