மாயாவியை மறந்தது யார்?

2005இல் தொடங்கி ஆறு இதழ்களில் முடிந்த ‘ஆல்பியன்’ காமிக்ஸ் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு குற்றச்சாட்டு வந்து நிற்கிறது: ‘காலம் ஒதுக்கித் தள்ளிய பழைய பிரிட்டிஷ் நாயகர்களைத் தோண்டியெடுப்பது கற்பனை வறட்சி.’ இதில் ஒரு சொல்லைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

அவர்களை ஒதுக்கியது காலமல்ல, பதிப்பகக் கணக்கு. விற்பனை சரிந்த வார இதழை இன்னொன்றோடு இணைத்துவிடுவது அன்றைய லண்டன் வழக்கம். ‘லயன்’ 1974இல் ‘வேலியண்ட்’டுக்குள் போனது, 1976இல் வேலியண்ட்டும் ‘பேட்டில்’ இதழில் கரைந்தது. நாயகர்கள் வீடிழந்தார்கள். எழுதியவர், வரைந்தவர் பெயரைக்கூட அச்சிடாத இதழ்கள் அவை. அந்த நாயகர்களுக்காக யார் குரல் கொடுத்திருக்க முடியும்?

மறதி என்கிறார்களே, இவர்களைத் தமிழில் அச்சிட்ட சிவகாசியில் வந்து கேட்கட்டும். 1962இல் வேலியண்ட்டில் பிறந்த ‘ஸ்டீல் கிளா’தான், 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த நம் இரும்புக்கை மாயாவி. பிரிட்டிஷ் ‘லயன்’ நாயகர்களான ஸ்பைடரும் சட்டித்தலையன் ஆர்ச்சியும் நம் லயன் காமிக்ஸில் கால்வைத்தது 1984இல். பிறந்த ஊரில் அவர்களின் இதழ் நின்று பத்தாண்டு ஆன பிறகு!

அடுத்து, கற்பனை வறட்சி. ‘இந்த நாயகர்கள் எங்கே போனார்கள்?’ என்ற கேள்வியையே ஆல்பியனுக்கு ஆலன் மூர் கதைக்கருவாக்கினார். அரசே அவர்களைப் பிடித்து ரகசியச் சிறையில் அடைத்துவிட்டது என்பது அவர் தந்த விடை. காணாமல் போனதையே கதையாக்குவது வறட்சியா? அவர் வகுத்ததை மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். ஷேன் ஓக்லி வரைந்தார். ஆறே இதழ்களுக்குள் இத்தனை பாத்திரங்களை அடைத்தது குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

‘நல்லவர்களாக இருந்தவர்களைக் கறைபடுத்திவிட்டார்கள்’ என்றும் சொல்கிறார்கள். மூலத்தைப் படிக்காத பேச்சு இது. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறையும் மாயாவியான லூயிஸ் கிராண்டெல், அந்தச் சக்தியைத் திருட்டுக்குத்தான் முதலில் பயன்படுத்தினான். 1965இல் அறிமுகமான ஸ்பைடரோ குற்றவுலகின் அரசனாக ஆசைப்பட்டவன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே அவனுக்குப் பின்னாளில் கதை எழுதினார்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய மாயாவி கிடந்தால் இறக்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மாயாவிக்கு முதன்முதலில் உருவம் கொடுத்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.