ஏற்றிவிட்டால் தப்பிவிடலாமா?

முசிறி கைகாட்டிப் பக்கம் டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவார். ஹெச்.டி.எல். 34 என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதற்கு அடுத்த வரியிலேயே கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 158 என்று இருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. "நல்ல கொழுப்பு கம்மியா இருக்கு மாமா. காலையில வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் குடிங்க, தன்னால ஏறிடும்" என்று பக்கத்தில் இருப்பவர் வைத்தியம் சொல்வார். மாமாவும் நேரே எண்ணெய்க் கடைக்குப் போவார்.

மாமாவின் கவலை நியாயமானது. வைத்தியம்தான் கோணல்.

நல்ல கொழுப்பை ஏற்றினால் போதும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் போட்டது அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் நடந்த ஆய்வு. ஹெச்.டி.எல். குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்று 1977-இல் அது சொன்னது. கண்டது சரிதான். 'அப்படியானால் அதை ஏற்றிவிட்டால் தப்பலாம்' என்று ஒரு தாவல் தாவினார்களே, அதில்தான் வினை. முக்கொம்பு அணை அளவுகோலில் பெயின்ட்டை உயர்த்திப் பூசினால் காவிரியில் தண்ணீர் கூடிவிடுமா?

பெரிய மருந்து நிறுவனங்களே இதில் கையைச் சுட்டுக்கொண்டன. ஃபைசரின் டார்செட்ராபிப் மாத்திரை ஹெச்.டி.எல்.-ஐ 72 சதவீதம் ஏற்றியது. ஆனால் 15,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய சோதனையில் மாத்திரை சாப்பிட்டவர்கள் தரப்பில்தான் சாவு அதிகம். 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்தினார்கள். பிறகு நியாசின் மருந்து. 25,673 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2014-இல் வந்தது: எண் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை, சர்க்கரைதான் மோசமானது. பிறவியிலேயே ஹெச்.டி.எல்.-ஐ உயர்த்தும் ஒரு மரபணு வேறுபாடு உள்ளவர்களை ஆராய்ந்து 2012-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அவர்களுக்கும் மாரடைப்பு குறைவாக இல்லை. அனசெட்ராபிப் என்ற மருந்து மட்டும் 2017-இல் கொஞ்சம் பலன் காட்டியது. ஆனால் அது கெட்ட கொழுப்பையும் இறக்கிய மருந்து. பலன் அந்தக் கணக்கில்தான் வந்தது என்பதே பெரும்பாலான நிபுணர்களின் முடிவு. அதே ஆண்டு டென்மார்க்கில், ஹெச்.டி.எல். மிகமிக உயர்ந்தவர்களிடமும் சாவு அதிகம் என்று கண்டார்கள்.

இனி அந்தத் தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். பல சோதனைகளைத் திரட்டி 2020-இல் 'சர்க்குலேஷன்' இதழில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பாமாயில் போன்றவை நீங்கலாக மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் ஹெச்.டி.எல்.-ஐ 4 மில்லிகிராம் ஏற்றுகிறது, எல்.டி.எல்.-ஐ 10 மில்லிகிராம் ஏற்றுகிறது. விற்பவர் முதல் எண்ணை மட்டும் சொல்கிறார். செக்கில் ஆட்டியதால் இந்தக் கணக்கு மாறிவிடாது. குழம்பில் தாளிக்க ஒரு ஸ்பூன் விடுவதை நான் குறை சொல்லவில்லை. மருந்து என்று நினைத்துக் குடிப்பதுதான் கூத்து.

நடைக்கும் இதே கதி. விடியற்காலையில் குளித்தலைப் பாலத்தில் காவிரிக் காற்று வாங்கிக்கொண்டு நடப்பவர்களில் சிலர் மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் எடுப்பார்கள். 34 என்பது 36 ஆகியிருக்கும். அவ்வளவுதான் ஏறும். உடற்பயிற்சிச் சோதனைகளை 2007-இல் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த சராசரி உயர்வே இரண்டரை மில்லிகிராம்தான். "இதுக்கா நாலரை மணிக்கு எழுந்தேன்?" என்று நடையை விட்டுவிடுகிறார்கள். இதற்கிடையில் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், சர்க்கரை இறங்கியிருக்கும், வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டி வந்திருக்கும். அதெல்லாம் கணக்கிலேயே வராது. இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர். ஹெச்.டி.எல். 60 வந்துவிட்டது என்று கெட்ட கொழுப்பை இறக்க டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரையைத் தானாகவே நிறுத்துகிறது, பீடியை மட்டும் நிறுத்துவதில்லை.

நம் ஊரில் ஹெச்.டி.எல். ஏன் குறைகிறது என்று கேட்டால் விஷயம் புரியும். தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, 2014-இல் 72 சதவீதம் பேருக்கு இது குறைவு என்றது. மூன்று வேளையும் அரிசி, நடுவே சர்க்கரை போட்ட டீ, வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பு இப்போது பைக்கில். மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அது ஹெச்.டி.எல். துகள்களுக்குள் புகுந்துகொள்ள, அந்தத் துகள்கள் சீக்கிரம் சிதைந்து வெளியேறுகின்றன. 34 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது தொப்பையும் டிரைகிளிசரைடும்தான்.

ஆகவே சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரையும் கொள்ளும் சுண்டலும் வரட்டும். பாலத்தில் நடையும் தொடரட்டும். எல்.டி.எல். எவ்வளவுக்கு இறங்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, மாத்திரை தேவை என்றால் தவறாமல் போட வேண்டும். இத்தனை செய்தும் ஹெச்.டி.எல். ஒரு புள்ளிகூட அசையாமல் நிற்கலாம். நிற்கட்டும்.